பல் கழன்று விழுதல்
பல் கழன்று விழுதல் என்பது அடிபட்டதால் பல்லொன்று வேருடன் தாடைக் குழியிலிருந்து முற்றாக வெளியேறுவதாகும். சிறுவர்களில் பெரும்பாலும் மேல்தாடையின் நடு வெட்டுப்பற்களே இவ்வாறு விழுகின்றன.

பாற்பல்லைத் திரும்பப் பொருத்துதல் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல்லின் முளை சிதையக்கூடும். நிலைப்பல்லாயின் தாமதமே பெருங்கேடு. வேரைச் சூழ்ந்த இழைய உயிரணுக்கள் உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 60 நிமிடங்களில் இறந்துவிடும். எனவே வேரைத் தொடாமல் பல்லின் தலைப்பகுதியைப் பிடித்து, மண் ஒட்டியிருந்தால் தேய்க்காமல் பாலில் அலசி, உடனே குழியில் செருகி, கைக்குட்டையைக் கடிக்கச் செய்து பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இயலாவிடில் பாலில் இட்டுக் கொண்டுசெல்லலாம். காகிதத்தில் பொதிவதும், பலர் நினைப்பதற்கு மாறாக, தண்ணீரில் போட்டுவைப்பதும் அவ்வுயிரணுக்களை அழிக்கும்.

மருத்துவர் பல்லை நெகிழ்வான கம்பியால் பக்கத்துப் பற்களுடன் 2 வாரங்கள் பிணைத்துவைப்பார். வேர்நுனி மூடாத இளம்பல்லில் இரத்தவோட்டம் மீள வாய்ப்புண்டு; மூடியிருந்தால் வேர்ச் சிகிச்சை தேவை.