தாஸ்காவில் பிள்ளையை விடும் முன்: பணியாளர் பயிற்சியும் மையத்தில் இருக்க வேண்டிய பதிவேடுகளும்

நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து பெற்று, கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் சட்டப்படி தாஸ்காதான். அது கடைவீட்டின் மேல்மாடியாக இருந்தாலும் சரி, தாமானில் பக்கத்து வீட்டு அக்காவின் வரவேற்பறையாக இருந்தாலும் சரி. 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 308, இதைத் தெளிவாகச் சொல்கிறது. பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் அது வீட்டு தாஸ்கா. பத்தும் அதற்கு மேலும் இருந்தால் நிறுவன தாஸ்கா. இரண்டுமே சமூகநல இலாகாவான ஜேகேஎம்-இல் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நம் சமூகத்தில் பலர் இதை அறியாமலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். முதலில் தங்கை பிள்ளை, பிறகு எதிர்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு, அப்புறம் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாயின் கைக்குழந்தை. நான்காவது பிள்ளை வந்த அன்றே அந்த வீடு சட்டத்தின் பார்வையில் மாறிவிடுகிறது. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தாடிகா கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கு 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம், சட்டம் 506 உண்டு.

தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். தோட்ட நிர்வாகம் குழந்தைக் காப்பகம் வைப்பது குறித்த ஏற்பாடு 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446-இலும் இருக்கிறது. ஆயாவிடம் அன்பு இருந்தது, அனுபவமும் இருந்தது. எழுதி வைக்கும் பழக்கம் பெரும்பாலும் இல்லை. லயத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்ததால் அது அப்போது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்றைய தாஸ்காவில் காலையில் ஒருவர், மாலையில் வேறொருவர். எழுதப்படாத தகவல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்ச் சேராது.

பணியாளருக்கு என்ன பயிற்சி தேவை?

பராமரிப்பாளராக வேலை செய்பவர்கள் கேஏபி எனப்படும் குழந்தைப் பராமரிப்பு அடிப்படைப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். குழந்தையின் வளர்ச்சி, உணவு, சுகாதாரம், பாதுகாப்பு ஆகியவை அதில் அடங்கும். சமைப்பவருக்கும் ஊட்டுபவருக்கும் தனிக் கடமை உண்டு. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவு கையாள்பவர் அதற்கான பயிற்சியில் கலந்துகொண்டிருக்க வேண்டும். டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அந்த ஊசியின் பாதுகாப்பு மூன்று ஆண்டுக்குத்தான். ஆகவே ஊசி அட்டையில் தேதியைப் பார்க்க வேண்டும்.

ஒரு பராமரிப்பாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றால் மூவருக்கு ஒருவர். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். சமைக்கப் போனவரையும் வாசலில் கட்டணம் வாங்கிக்கொண்டிருப்பவரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமல்ல. அந்த நேரத்தில் பிள்ளைகளின் மேல் அவர்கள் கண் இருக்காது.

சான்றிதழ்களிலேயே உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது முதலுதவிச் சான்றிதழ். பால் புரையேறிக் குழந்தை இறந்தது என்ற செய்தி இந்நாட்டில் அடிக்கடி வருகிறது. பாட்டிலைத் தலையணையில் சாய்த்து வைத்துக் குழந்தையின் வாயில் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது ஆபத்தானது. குழந்தையைக் கையில் ஏந்தி, தலையைச் சற்று உயர்த்தி ஊட்ட வேண்டும். தோளில் போட்டு ஏப்பம் எடுத்த பிறகு, தட்டையான உறுதியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். வீட்டில் சாரோங் தொட்டிலில் தூங்கிப் பழகிய குழந்தையைத் தாஸ்காவில் மெத்தையில் போட்டால் இரண்டு நாள் அழத்தான் செய்யும். அந்த அழுகைக்குப் பயந்து கவிழ்த்துப் போடக் கூடாது. போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடவும் கூடாது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் போனால், முன்கையில் முகம் கீழாகத் தலை தாழ்வாக வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். அடைப்பு விலகாவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் இரண்டு விரல்களால் ஐந்து முறை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். குழந்தை மயங்கிவிட்டால் உடனே 999-க்கு அழைத்து இதய நுரையீரல் உயிர்ப்பிப்பைத் தொடங்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதும் பொம்மையின் மேல் செய்து பழகுவதும் ஒன்றல்ல. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இதற்கான வகுப்புகளை நடத்துகின்றன. ஒருவர் மட்டும் பயின்றிருந்தால், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் மையத்தில் யாருக்கும் தெரியாது.

தீயணைப்பு மீட்புத் துறையின் அங்கீகாரமும் பதிவுக்குத் தேவை. ஆனால் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியைப் பணியாளர் ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாரா, நடக்கத் தெரியாத குழந்தைகளை யார் தூக்கிக்கொண்டு எந்தக் கதவு வழியாக வெளியேறுவது என்று முடிவு செய்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. ஒத்திகை நடந்த தேதியும் வெளியேற எடுத்த நிமிடமும் எழுதப்பட்டிருந்தால் பதில் கிடைக்கும்.

எழுதி வைக்க வேண்டியவை

பிள்ளையின் சொந்த விவரம், தடுப்பூசி விவரம், ஒவ்வாமை, அவசர எண்கள், பணியாளரின் சான்றிதழ்கள் ஆகியவை கோப்பில் இருக்க வேண்டும். ஜேகேஎம் அதிகாரி சோதனைக்கு வந்தால் முதலில் கேட்பவை இவைதான். ஆனால் அன்றாடம் பிள்ளையைக் காப்பது சாதாரணமான மூன்று நோட்டுப் புத்தகங்கள்.

முதலாவது வருகைப் பதிவேடு. பிள்ளை வந்த நேரம், போன நேரம், யார் கொண்டுவந்தார், யார் அழைத்துப் போனார் என்று அதில் இருக்க வேண்டும். அழைத்துப் போக அனுமதி உள்ளவர்களின் பெயர்களைப் பெற்றோர் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். பெற்றோருக்கிடையே வழக்கு நடக்கும் குடும்பங்களில் இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு பயனும் உண்டு. வழக்கமாக எட்டு மணிக்கு வரும் குழந்தை வரவில்லை என்று பதிவேடு காட்டினால், உடனே பெற்றோருக்கு ஓர் அழைப்பு போக வேண்டும். பின்னிருக்கையில் தூங்கிய குழந்தையை மறந்து காரைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போன சம்பவங்கள் இந்நாட்டில் நடந்துள்ளன. அந்த ஓர் அழைப்பு உயிரைக் காப்பாற்றிவிடும்.

இரண்டாவது மருந்துப் பதிவேடு. காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலை நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. அம்மா காலை ஏழு மணிக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் போகிறார். ஒன்பது மணிக்கு உடம்பு சுடுகிறதே என்று பராமரிப்பாளர் மீண்டும் கொடுக்கிறார். இருவரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள், ஆனால் பிள்ளைக்கு இரட்டை அளவு போய்விட்டது. மருந்தின் பெயர், அளவு, வீட்டில் கடைசியாகக் கொடுத்த நேரம், பெற்றோர் கையெழுத்து, கொடுத்தவர் கையெழுத்து ஆகியவை ஒரே வரியில் அடங்கும். பெயரும் அளவும் ஒட்டப்படாத புட்டியையோ, பாட்டி கொடுத்தனுப்பிய உரைமருந்தையோ மையத்தில் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த இடத்திலும் வேண்டாம்.

மூன்றாவது விபத்து, உடல்நிலைப் பதிவேடு. வாசலில் பிள்ளையை வாங்கும்போதே கை, கால், வாய், உடம்புச் சூடு ஆகியவற்றைப் பார்த்து எழுத வேண்டும். கை, கால், வாய்ப்புண் நோய் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்று. பரவினால் மையத்தை மூடும்படி உத்தரவு வரலாம். கொப்புளம் கண்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பராமரிப்பாளர்மீது கோபப்படுவதில் அர்த்தமில்லை. வேலைக்கு விடுப்பு கிடைக்காத தாயின் சங்கடம் உண்மைதான் என்றாலும், உள்ளே இன்னும் எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காலையில் வரும்போதே கன்னத்தில் இருந்த காயம் எழுதப்பட்டிருந்தால், மாலையில் பழி பராமரிப்பாளர்மேல் விழாது. மையத்தில் விழுந்து அடிபட்டதை அன்றே எழுதிப் பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினால் மறைத்தார்கள் என்ற பேச்சும் வராது. சட்டக் கடமையும் இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளை கொடுமைப்படுத்தப்பட்டதாக, புறக்கணிக்கப்பட்டதாக அல்லது பாலியல் வதைக்கு ஆளானதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், பராமரிப்பாளர் உடனே சமூகநல அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம், சட்டம் 611 கட்டாயப்படுத்துகிறது. குடும்ப மானம், தெரிந்த வீடு என்ற தயக்கத்துக்கு அதில் இடமில்லை. ஆதாரம் திரட்டுவது அவர் வேலை அல்ல. தேதியும் கண்டதும் எழுதியிருந்தால் போதும்.

பதிவேட்டில் உள்ளவை பிள்ளையின் அந்தரங்கம். மருத்துவ விவரத்தையோ காயத்தின் படத்தையோ பெற்றோர் அனைவரும் இருக்கும் புலனக் குழுவில் போடக் கூடாது. அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் தனியாக அனுப்பலாம்.

பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்கவும், அதில் உள்ள முகவரியையும் காலாவதித் தேதியையும் சரிபார்க்கவும் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் மாவட்ட ஜேகேஎம் அலுவலகத்தில் விசாரிக்கலாம். புகார் கொடுக்கவோ உதவி கேட்கவோ தாலியான் காசே 15999 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பதிவுக்கு என்னென்ன தேவை என்று கேட்கவும் அதே மாவட்ட அலுவலகத்துக்குப் போகலாம். கட்டண ரசீதைப் பெற்றோர் பத்திரப்படுத்த வேண்டும். குழந்தைப் பராமரிப்புக் கட்டணத்துக்கான வருமான வரிக் கழிவு பதிவு பெற்ற மையங்களுக்குச் செலுத்திய தொகைக்குத்தான் கிடைக்கும். ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.