வான் தீவை எதில் பார்ப்பது?

தூத்துக்குடிக் கரைக்கு எதிரே கிடக்கும் வான் தீவைத் தேட 8.836, 78.210 என்று தட்டினால் போதும். கூகுள் எர்த்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் அதே புள்ளிக்குத்தான் கூட்டிப்போகும். அங்கே காட்டுவதுதான் வேறு.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்து ஆண்டை நகர்த்தினால், தீவின் மணல் விளிம்பு உள்வாங்கியதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு காலத்தில் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2015 வாக்கில் ஏறக்குறைய 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. பல்லாண்டுகளாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலைக்குத் தடுப்பே இல்லாமல் போனது முக்கியக் காரணம். பிறகு கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகள் செய்து தீவருகே கடலில் இறக்கினார்கள். மன்னார் வளைகுடாவைப் பாடமாக நடத்துகிற ஆசிரியர் வகுப்பில் அவசியம் காட்ட வேண்டிய படங்கள் இவை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அது முடியாது. 2004-இல் தொடங்கிய இந்த வரைபடத்தைத் தன்னார்வலர்களே வரைகிறார்கள். யாரோ கடைசியாக வரைந்த கோடுதான் தீவின் கரை. தேய்கிற தீவுக்கு இது பெரிய குறை. ஆனால் எந்தத் தேதியில் வரைந்தது என்று தெரியும், தவறென்றால் நாமே திருத்தலாம், பெயரைத் தமிழில் சேர்க்கலாம். கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத கடலிலும் திறக்கும்.

எதில் தேடினாலும் ஒரு எச்சரிக்கை. படகு ஜிபிஎஸ்ஸில் டிகிரியும் மினிட்டுமாக இருக்கும் 8° 45'-ஐ அப்படியே 8.45 என்று தட்டிவிடக் கூடாது. சரியான எண் 8.75. இல்லையென்றால் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பதில் 33 கிலோமீட்டர் தெற்கே, திருச்செந்தூர் பக்கம் போய் நிற்போம்.

முத்துச்சிப்பி விளைந்த பார்களுக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு, வருவோம். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். தொலையிரம் பார் போன்றவை செயற்கைக்கோள் படத்தில் பிடிபடாத ஆழத்தில் இருக்கின்றன. கூகுள் எர்த்தின் கடலடித் தோற்றம், கப்பல்கள் அளந்த ஆழத்தோடு செயற்கைக்கோள் வழி மதிப்பிட்டதையும் கலந்து செய்தது; அதில் சிறு பார்கள் கரைந்துவிடும். பார்களின் பெயரும் இடமும் சங்கு குளிப்பவர்களுக்கு அத்துபடி. அதை ஏற்கிற இடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான். அதனால் இந்தக் கரைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதையே. கடற்படப் புத்தகத்தைப் பார்த்து நகலெடுக்காமல், படகில் போய்க் குறித்த புள்ளியைத்தான் ஏற்ற வேண்டும். எந்தப் பாரை ஊரறியச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைக் குளிப்பவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.