தாடைக்கட்டி அறிக்கை: வரிக்கு வரி விளக்கம்

மேல்தாடையில் தோன்றி சைனஸுக்குள் புகும் கெரட்டோசிஸ்ட் கட்டிக்கு எழுதப்படும் அறிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன். இக்கட்டி பெரும்பாலும் கீழ்த்தாடையில்தான் வரும். மேலே வரும்போது சாதாரண சைனஸ் தொல்லை என்று மருந்து கொடுத்துக் காலம் கடத்திவிடுவதுண்டு. அதனால் அறிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும்.

"வலது மேல்தாடையில், முளைக்காத ஞானப்பல்லைச் சூழ்ந்து, தெளிவான விளிம்புடைய கட்டி."

முளைக்காத பல்லைச் சூழ்ந்திருந்தால் முதலில் தோன்றுவது டென்டிஜெரஸ் கட்டி என்ற எண்ணம். கெரட்டோசிஸ்ட்டுக்கும் இதே தோற்றம் உண்டு. அமெலோபிளாஸ்டோமா என்னும் கழலைக்கும் உண்டு. செத்த பல்லின் வேர்நுனியில் வரும் கட்டி வேறு வகை. அதனால்தான் பக்கத்துப் பற்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

"சைனஸின் பெரும்பகுதி நிரம்பியுள்ளது, கட்டியின் மேல் மெல்லிய எலும்புக் கோடு."

அறிக்கையின் உயிர் இந்த வரி. சைனஸ் சவ்விலேயே உண்டாகும் நீர்க்கட்டிக்கு இந்தக் கோடு இருக்காது. தாடையில் பிறந்த கட்டியோ சைனஸின் தரையைத் தள்ளிக்கொண்டு மேலேறுகிறது. அந்தத் தரையே அதற்குக் கூரையாகிறது. எக்ஸ்ரேயில் எலும்புக்குள் கருப்பாகத் தெரியும் கட்டி, காற்று நிறைந்த சைனஸுக்குள் வெண்மையாகத் தெரியும். கோடு அறுந்திருக்கும் இடங்களை சி.டி. ஸ்கேனில் தேட வேண்டும். சைனஸுக்குள் காலியிடம் இருப்பதால் கன்னம் வீங்காமலே கட்டி வெகுதூரம் வளர்ந்துவிடும்.

"ஊசியில் வெளிர்மஞ்சள் கூழ். பயாப்சியில் 6 முதல் 8 அடுக்குள்ள பாராகெரட்டின் படலம், சுவரில் சேய்க்கட்டிகள்."

கூழாக வந்தது கெரட்டின். அது குறிப்புதான், உறுதி செய்வது பயாப்சி. படலம் மெல்லியது, எளிதில் கிழியும். அதன் ஒரு துணுக்கோ, சுவருக்குள் இருக்கும் குட்டிக் கட்டியான ஒரு சேய்க்கட்டியோ தங்கிவிட்டால் நோய் திரும்பும். பிலிப்சன் 1956இல் பெயரிட்ட இக்கட்டியை, உலக சுகாதார நிறுவனம் 2005இல் கழலை (ட்யூமர்) வரிசையில் சேர்த்து, 2017இல் மீண்டும் கட்டி (சிஸ்ட்) என்றே வகைப்படுத்தியது. வகை மாறினாலும் திரும்பி வரும் குணம் மாறவில்லை. இளவயதில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தால், தோலையும் விலா எலும்பையும் பார்த்து, கோர்லின் நோய்த்தொகுப்பு என்னும் மரபணுக் கோளாறு உண்டா என்று ஆராய வேண்டும்.

"பரிந்துரை: அழுத்தம் தணித்து, பின்னர் முழுமையாக அகற்றல்."

பெரிய கட்டியில் சிறு திறப்பு வைத்து, குழாய் பொருத்தி, உப்புநீரால் கழுவிவந்தால் சில மாதங்களில் சுருங்கும், சுவரும் தடிக்கும். பிறகு உரித்தெடுப்பது எளிது. மேலுதட்டுக்கு உள்ளே கீறி கால்டுவெல்-லுக் முறையில் நுழையலாம். மூக்கு வழியே எண்டோஸ்கோப்பும் துணைக்கு வரும். தாடை அறுவை நிபுணரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. எஞ்சிய செல்களை அழிக்கும் கார்னாய் கரைசலை, கண்குழிக்கும் நரம்புக்கும் அருகில் மிகுந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும்.

"நீண்டகாலக் கண்காணிப்பு."

திரும்பும் கட்டிகளில் பெரும்பாலானவை முதல் ஐந்து ஆண்டுகளில் தலைகாட்டும். பத்தாண்டுகளுக்குப் பின் வந்தவையும் உண்டு. வலி இல்லை என்பதற்காகப் பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள். சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிறிய அறுவையோடு முடியும். நோயாளி தவறாமல் வந்தால்தான் இந்தக் கடைசி வரிக்குப் பொருள் உண்டு.