லாம்பெத் தாய்மாரின் கணக்கேடு

நம் நாட்டுக் கோயிற் கல்வெட்டுகளைப் பயின்றவர்கள் ஒரு செய்தியை அறிவார்கள். சோழர் காலத்தில் இறைவன் திருமுன் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமானால், அதற்கென 96 ஆடுகள் விடப்படும். அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து தரக் கடமைப்பட்டவன். இவ்வளவு நுட்பமாகக் கணக்கு எழுதிய நம் முன்னோர், அந்த இடையன் வீட்டில் எத்தனை குழந்தைகள் இருந்தனர், அவர்கள் காலையில் என்ன உண்டனர், அவன் மனைவி எதைக் குறைத்து எதைச் சமாளித்தாள் என்பவற்றை எழுதி வைத்தாரில்லை. இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. எல்லா நாடுகளிலும் அரசனுடைய கருவூலக் கணக்கு நிலைத்து நிற்கிறது. ஏழையின் அடுக்களைக் கணக்கு அன்றன்றைக்கே அழிந்துபோகிறது.

அவ்வாறு அழியாமல் தப்பிய ஒரு கணக்கைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அது இங்கிலாந்து நாட்டுக் கணக்கு. லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் லாம்பெத் என்றொரு பகுதி உண்டு. ஆற்றின் மறுகரையில் பாராளுமன்றத்தின் கோபுரங்கள் தெரியும். உலகின் பெரும்பகுதியை ஆண்ட அந்த மன்றத்திற்கு நேர் எதிரில், 1909 முதல் 1913 வரை, கூலிக்காரர் மனைவியர் சிலர் வாரந்தோறும் தம் வீட்டுச் செலவை எழுதி வைத்தனர். அவர்களை எழுதச் செய்தவர்கள் பேபியன் சங்கத்தின் மகளிர் குழுவினர். அந்தக் குழுவின் முதல்வராக விளங்கியவர் மாட் பெம்பர் ரீவ்ஸ் என்னும் அம்மையார். 1865-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூஜிலாந்தில் வளர்ந்தவர். 1893-இல் அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்றதைக் கண்ணாரக் கண்டவர். லாம்பெத் ஆய்வின் முடிவுகளை 1913-இல் அவர் ஒரு நூலாக வெளியிட்டார். ‘வாரம் சுமார் ஒரு பவுன்’ என்பது அதன் பெயரின் பொருள்.

அந்நாளில் ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. நம் நாட்டில் அப்போது ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று விகிதம் நிலைப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே 240 பென்னிக்கு 240 அணா. அதாவது ஒரு பென்னி நம்முடைய ஓர் அணாவுக்குச் சரி. பழைய அணாக் கணக்கை அறிந்தவர்கள் இந்தப் பேச்சில் பென்னி என்று வரும் இடங்களிலெல்லாம் ஓரணா என்று வைத்துக்கொண்டால் செய்தி எளிதில் விளங்கும்.

லாம்பெத் குடும்பங்களின் ஆடவர்கள் வாரத்திற்கு 18 முதல் 30 ஷில்லிங் வரை ஊதியம் பெற்றவர்கள். வண்டியோட்டிகளும், தொழிலாளருக்குக் கீழ் வேலை செய்யும் உதவியாட்களும் அவர்களில் இருந்தனர். இவர்கள் மிகக் கீழ்ப்பட்ட ஏழைகள் அல்லர் என்பதை ரீவ்ஸ் அம்மையார் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். வேலையில்லாதவரும் குடியில் மூழ்கியவரும் இவர்களில் சேரமாட்டார்கள். ஒழுங்காக உழைத்து, ஊதியத்தை மனைவியிடம் ஒப்படைத்து, தம் கைச்செலவுக்கு இரண்டொரு ஷில்லிங் மட்டும் வைத்துக்கொண்ட மானமுள்ள மனிதர்கள் இவர்கள்.

கணக்கு எழுதும் வேலை எளிதாக நடைபெறவில்லை. அதற்குமுன் அந்த வீடுகள் எதிலும் கணக்கு எழுதும் வழக்கம் கிடையாது. சில தாய்மாருக்கு எழுதவே தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்லக் கணவனோ மூத்த பிள்ளையோ எழுத வேண்டியதாயிற்று. எழுத்துப் பிழைகள் மலிந்த ஏடுகள் அவை. ஆயினும் எழுதத் தெரியாமை வேறு, கணக்குத் தெரியாமை வேறு. என் தாயார் ஒருநாளும் கணக்கு எழுதியவரல்லர். அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் எத்தனை காசு இருக்கிறது, எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்பவை அவர் மனத்தில் எப்போதும் இருந்தன. லாம்பெத் பெண்களும் அத்தகையவர்களே. வெள்ளிக்கிழமை கைக்கு வந்த காசு அடுத்த வியாழன் வரை ஒவ்வொரு பென்னியாக எங்கே போயிற்று என்பதை அவர்கள் நினைவிலிருந்து ஒப்பித்தனர்.

இனி அந்தக் கணக்குக்குள் நுழைவோம். முதற் செலவு வீட்டு வாடகை. இரண்டு மூன்று அறைகளுக்கு வாரம் 6 முதல் 8 ஷில்லிங் வரை கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 2,000 பவுன் வருவாயுள்ள செல்வர் தம் வருவாயில் எட்டில் ஒரு பங்கைக் குடியிருப்புக்குச் செலவிட்டார். வாரம் 24 ஷில்லிங் பெறும் கூலிக்காரரோ மூன்றில் ஒரு பங்கை அதற்கே கொடுத்துவிட்டார். அவ்வளவு கொடுத்தும் கிடைத்தவை ஈரம் கசியும் சுவர்களும் வெயில் புகாத அறைகளுமே. வாடகை குறைந்த நிலவறைகளுக்குப் போகலாமே என்றால், அங்கே குழந்தைகள் நோயுற்று மடிவதைத் தாய்மார் கண்டிருந்தனர். ஆதலால் உணவைக் குறைத்தேனும் நல்ல அறையைப் பிடித்துக்கொள்வதா, அறையைக் குறைத்து உணவைக் கூட்டுவதா என்னும் வினா அவர்கள் முன் எப்போதும் நின்றது.

இரண்டாவது செலவு நம்மைத் திடுக்கிடச் செய்வது. அதுவே ஈமச் செலவுக்கான இன்ஷூரன்ஸ். ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் ஒரு பென்னி, தாய்க்கு 2 பென்னி, தந்தைக்கு 3 பென்னி. ஆறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாரம் 11 பென்னி இவ்வாறு போய்விடும். உயிரோடிருக்கும் குழந்தைக்குப் பால் வாங்கக் காசில்லாத வீட்டில், அந்தக் குழந்தை இறந்தால் புதைப்பதற்குக் காசு கட்டுகிறார்களே, இது என்ன பேதைமை என்று வசதியுள்ளோர் பலர் இகழ்ந்தனர். ரீவ்ஸ் அம்மையார் அவ்வாறு இகழவில்லை. காரணத்தைத் தேடிப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் இல்லாத வீட்டில் குழந்தை இறந்தால் இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, ஊர்ப் பொதுச் செலவில் நடக்கும் அநாதைப் புதையலுக்கு உடன்பட வேண்டும். அது அவர்கள் தெருவில் மானக்கேடு. மற்றொன்று, அண்டை அயலாரிடம் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடனை அடைக்கப் பல மாதங்கள் எஞ்சிய குழந்தைகளின் வயிற்றைக் குறைக்க வேண்டும். குழந்தை மரணம் அடிக்கடி நிகழ்ந்த அத்தெருக்களில் வாரம் ஒரு பென்னி கட்டுவது மூடத்தனமன்று, கற்றறிந்த பாடம்.

இவற்றுக்குப் பிறகு நிலக்கரி. மொத்தமாக வாங்கிச் சேமித்து வைப்பவனுக்கு நிலக்கரி மலிவு. ஏழைக்குச் சேர்த்து வைக்க இடமுமில்லை, காசுமில்லை. வாரத்திற்கு ஓர் அந்தர் என்று வாங்கினால் ஒன்றரை ஷில்லிங் ஆகும். அதுவும் முடியாதபோது சிறு சிறு அளவாகக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். எரிவாயுவும் அவ்வாறே, அளவுப் பெட்டியில் ஒரு பென்னியைப் போட்டால் ஒரு பென்னிக்கு எரியும். சில்லறையாக வாங்குகிறவனே அதிக விலை கொடுக்கிறான் என்பது எந்நாட்டுக்கும் பொதுவான நியதி போலும். பின்னர் சோப்பு, துணி, பூட்ஸ். பூட்ஸுக்கென்று வாரம் சில பென்னி சீட்டுக் கட்டுவது வழக்கம். குளிர் நாட்டில் பூட்ஸ் இல்லாத குழந்தை தெருவில் இறங்கவியலாது.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனைவியின் கைக்கு வாரம் 22 ஷில்லிங் வருகிறது என்று கொள்வோம். வாடகை 8 ஷில்லிங் போக மீதி 14. ஈம இன்ஷூரன்ஸ் 11 பென்னியும் நிலக்கரி ஒன்றரை ஷில்லிங்கும் போனால் எஞ்சுவது 11 ஷில்லிங் 7 பென்னி. எரிவாயு, சோப்பு, துணி, பூட்ஸ் ஆகியவற்றுக்கு எவ்வளவு சுருக்கினாலும் ஒன்றரை ஷில்லிங்குக்குக் குறையாது. உணவுக்கு நிற்பது சுமார் 10 ஷில்லிங். எட்டுப் பேர், ஏழு நாள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 பென்னியும் சற்று மிகையும் வரும். வெளியே சென்று பாரம் சுமப்பவனுக்கு இறைச்சியோ மீனோ கொஞ்சம் கூடுதலாக வைத்தாக வேண்டும். அவன் உடல் தளர்ந்தால் குடும்பமே தளர்ந்துவிடும். ஆகவே குழந்தைகளின் பங்கு 2 பென்னிக்கும் கீழே இறங்கும். தாயின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டா. எல்லாருக்கும் பரிமாறிய பின் மிஞ்சுவதே அது.

இந்தத் தொகைக்கு என்ன உண்ண முடியும்? ரொட்டியே தலைமை உணவு. அதன்மேல் மெல்லப் பூசிய மார்கரின் அல்லது பழப்பாகு. ஞாயிறன்று சிறிது இறைச்சியும் உருளைக்கிழங்கும். பால் விலை செல்வர் வாழும் வீதியிலும் லாம்பெத்திலும் ஒன்றுதான்: குவார்ட் ஒன்றுக்கு 4 பென்னி. அதாவது இரண்டு குழந்தைகளின் ஒருநாள் உணவுச் செலவு முழுவதும் அதற்கே போய்விடும். ஆகவே கொழுப்பு நீக்கித் தகர டப்பியில் அடைத்த பாலை வாங்கினர். பச்சிளங்குழந்தைக்கு அது ஏற்றதன்று என்று டப்பியின்மேலேயே அச்சிட்டிருந்தது.

அக்காலத்தில் வசதி படைத்த மாதர் சிலர் இத்தெருக்களுக்கு வந்து அறிவுரை கூறுவது வழக்கம். ரொட்டிக்குப் பதிலாக ஓட்ஸ் கஞ்சி கொடுங்கள், மலிவு, சத்துள்ளது என்பார்கள். கேட்பதற்குத் தக்க யோசனைதான். ஆனால் அந்த வீட்டில் இருப்பவை ஒரு வெந்நீர்க் கெண்டியும், பொரிக்கும் சட்டியும், இரண்டொரு பழைய பாத்திரங்களும். நேற்று மீனும் வெங்காயமும் வெந்த பாத்திரத்தில் இன்று கஞ்சி வைத்தால் அந்த வாடையே நிற்கும். நெடுநேரம் கொதிக்க எரிவாயு செலவாகும். பக்கத்தில் நின்று கிளறாவிட்டால் அடிபிடிக்கும். நிற்பதற்கோ கைக்குழந்தை விடாது. பாலும் சர்க்கரையும் இல்லாத அந்தக் கஞ்சியைக் குழந்தைகள் வாயில் வைக்க மறுத்தனர். ரொட்டிக்கோ அடுப்பு வேண்டா, தட்டு வேண்டா, கரண்டி வேண்டா. கையில் கொடுத்தால் குழந்தை தின்றுவிடும். இதையெல்லாம் நேரில் கண்ட பிறகே ரீவ்ஸ் அம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். குறை தாயின் அறியாமையில் இல்லை. தொகையின் சிறுமையில் இருக்கிறது என்பதே அம்முடிவு.

இன்று இது எளிய உண்மையாகத் தோன்றலாம். அன்று அவ்வாறு இல்லை. ஏழைக் குழந்தைகள் மெலிவதற்குக் காரணம் தாய்மாரின் பொறுப்பின்மையே என்பது அக்காலத்தில் பரவலாக நிலவிய கருத்து. 1901-இல் ரௌன்ட்ரீ என்னும் அறிஞர், யார்க் நகரத்தை ஆராய்ந்து, கணவன் மனைவியும் மூன்று குழந்தைகளும் உடல் நலம் மட்டும் காத்து வாழ வாரம் 21 ஷில்லிங் 8 பென்னி வேண்டும் என்று கணித்திருந்தார். அந்தக் கணக்கில் ஒரு செய்தித்தாளுக்கோ வண்டிச் செலவுக்கோ இடமில்லை. லாம்பெத் குடும்பங்களில் மூன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பலருக்கு இருந்தனர். ஆகவே எந்தத் தாயாலும் செய்ய முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று அவர்களைக் குறை கூறியது அச்சமுதாயம். சிக்கனம் என்பது போதிய பொருளைச் செம்மையாகச் செலவிடும் கலை. போதாத பொருளை அது போதியதாக்காது. இந்த வேறுபாட்டைச் சான்றுடன் காட்டியதே அப்பெண்களின் கணக்கேடு செய்த தொண்டு என்பது என் கருத்து.

அந்தத் தொண்டு உடனே பலன் தரவில்லை. ஊதியம் வேலையைப் பார்த்து வருகிறதேயன்றிக் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. ஆதலால் குழந்தைகளின் பராமரிப்பில் அரசுக்கும் பங்குண்டு என்று ரீவ்ஸ் அம்மையார் எழுதினார். அதே கொள்கையை 1924-இல் எலினார் ராத்போன் அம்மையார் ஒரு பெருநூலில் விரித்துரைத்தார். பாராளுமன்ற உறுப்பினராகி இடைவிடாது போராடினார். 1945-இல் குடும்பப்படிச் சட்டம் நிறைவேறியது. அரசாங்கம் முதலில் கொண்டுவந்த மசோதா, பணம் தந்தைக்கு உரியது என்றிருந்தது. ராத்போன் அதை வன்மையாக எதிர்த்தார். குழந்தைக்கென்று கொடுக்கும் காசு குழந்தைக்குச் சோறூட்டும் கைக்கே போக வேண்டும் என்பது அவர் வாதம். மன்றம் அதை ஏற்றது. 1946 ஆகஸ்டு 6-ஆம் நாள், முதற் குழந்தை நீங்கலாக ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் வீதம் தாய்மார் அஞ்சலகங்களில் பெறத் தொடங்கினர். அதைக் காண ராத்போன் அம்மையார் உயிரோடு இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமானார். ரீவ்ஸ் அம்மையார் 1953 வரை வாழ்ந்தார்.

இந்தச் செய்தி நமக்கு அயலானதன்று. 1920-இல் சென்னை மாநகராட்சி, அதன் தலைவர் தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி வழங்க இசைந்தபோது, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்று வரையறுத்தது. லாம்பெத் தாய் புதையலுக்கென்று வாரந்தோறும் கட்டிய அந்த ஓரணாவை, இங்கே ஒரு நகரம் பிள்ளையின் வயிற்றுக்கென்று நாள்தோறும் ஒதுக்கியது. பின்னர் 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்தன. 2023 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை அவர்கள் பெயரிலேயே வங்கியில் சேர்க்கப்பட்டது.

இத்திட்டங்கள் வந்தபோதெல்லாம், கொடுக்கும் காசை இந்தப் பெண்கள் எப்படிச் செலவிடுவார்களோ என்ற ஐயத்தைச் சிலர் எழுப்பக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் கூறும் விடை ஒன்றே. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு குழுவினர் அதே ஐயத்துடன் அல்லாமல், திறந்த மனத்துடன் அவ்வீடுகளுக்குச் சென்று உட்கார்ந்து, ஒவ்வொரு பென்னியையும் எழுதிப் பார்த்தனர். அங்கே ஊதாரித்தனத்தை அவர்கள் காணவில்லை. பற்றாக்குறையை எட்டுப் பேருக்கு எப்படிப் பங்கிடுவது என்று ஓயாது எண்ணிக்கொண்டிருந்த தாய்மாரையே கண்டனர். ஐயுறுவோர் முதலில் ஒரு வாரத்துக் கணக்கைக் கேட்டு எழுதிப் பார்க்கட்டும். அறிவுரையைப் பிறகு கூறலாம்.