தூக்குவாளியும் ஓவியப் பள்ளியும்

போடிநாயக்கனூரில் விடியுமுன் எழுந்து தெருவுக்கு வருவோர் தவறாமல் காணும் காட்சி ஒன்றுண்டு. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குவாளியுடன் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, மாலையில் இறங்கும்வரை அந்த வாளிச் சோறுதான் அவர்களுக்குத் துணை. இன்று அவை பெரும்பாலும் எவர்சில்வர். முந்தைய தலைமுறையின் கையில் இருந்தது அலுமினியம். (நம் மக்கள் அதனை 'ஈயப் பாத்திரம்' என்றே அழைத்தனர். ஈயத்துக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை என்பது வேறு செய்தி.)

கலை எங்கே என்று இவ்வூரில் கேட்டால், ஜமீன் அரண்மனைச் சுவர்களில் உள்ள இராமாயண ஓவியங்களைக் காட்டுவார்கள். தூக்குவாளியை எவரும் காட்டமாட்டார்கள். ஆனால் தமிழகத்தில் அலுமினியப் பாத்திரத்தின் வரலாறு ஓர் ஓவியப் பள்ளியில்தான் தொடங்குகிறது.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஓவியத்தோடு மண்பாண்டம், ஓடு, மர வேலை, உலோக வேலை எனப் புழங்குபொருள்களும் அங்கே பயிற்றுவிக்கப்பட்டன. 1884 முதல் சில ஆண்டுகள் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஈ. பி. ஹாவெல், இந்நாட்டுக் கைவினை மரபே உயர்ந்த கலை என்று வாதிட்டவர். அவருக்குப் பின் வந்த ஆல்ஃபிரட் சாட்டர்டனோ பொறியியல் பேராசிரியர். கலைப்பள்ளிக்குப் பொறியாளரா என்று முணுமுணுக்கத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது.

1886-இல் மின்பகுப்பு முறை கண்டறியப்பட்ட பின்னர், அதுவரை விலையுயர்ந்த உலோகமாயிருந்த அலுமினியம் மலிந்தது. 1898-இல் சாட்டர்டன் பள்ளியின் பட்டறையில் அதன் தகட்டைக் கொண்டு பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். செம்புக்கும் பித்தளைக்கும் அடிக்கடி ஈயம் பூச வேண்டும். இதற்கு அது தேவையில்லை. எடையோ மிகக் குறைவு. சோற்றைச் சுமந்து மலையேறுபவருக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புளிக்குழம்பை நெடுநேரம் வைத்தால் உலோகம் அரிக்கும் என்ற குறை இருந்தது. எனினும் விற்பனை பெருகியது. 1903-இல் அத்தொழில் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்னும் தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது. அரசு இத்தகைய தொழில்களை நடத்தலாகாது என்று 1910-இல் இந்திய அமைச்சர் மார்லி பிரபு இலண்டனிலிருந்து கட்டுப்பாடு விதித்தார். அதற்குள் பாத்திரம் சந்தைக்குப் போய்விட்டது.

இவ்விருவரில் எவர் பக்கம் நிற்பது? கன்னாரின் சுத்தியல் பதிந்த செம்புக் குடத்தின் அழகை நான் அறிவேன். ஆகவே மனம் ஹாவெலை நோக்கியே சாய்கிறது. ஆனால் அந்தக் குடத்தை வாங்க இயலாதவளின் கையில் எதையும் வைக்காத அழகு, பாதி அழகே. தகட்டு வாளியினால் கன்னார் இழந்ததையும் மறுப்பதற்கில்லை. இந்தக் கணக்கை என்னால் நேர்செய்ய முடியவில்லை.

அதே பள்ளியில் அறுபது ஆண்டுகளுக்குப் பின் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. 1957-இல் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர், பயிற்சி பெற்று வெளியேறும் ஓவியர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டார். ஓவியத்தை வாங்க ஆளில்லை. புழங்குபொருளை வாங்க ஆளுண்டு. 1963-இல் ஓவியர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பத்திக் துணிகளும் பிறவும் செய்து விற்றனர். அந்தப் பணத்தைக் கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி எழுப்பியதே சோழமண்டல ஓவியர் கிராமம். சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு இடம் தேடித் தந்தது உடுத்தும் துணி! கைவினை, ஓவியத்தின் ஏழை உறவினர் என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்வது நன்று.

சென்ற கோடையில் எங்கள் பரணில் கிடந்த பழைய அலுமினிய வாளியை இறக்கினேன். நசுங்கியிருந்தது, கைப்பிடி ஒருபுறம் கழன்றிருந்தது. தகட்டு வாளிகள் எல்லாம் ஒன்றுபோலிருக்கும்; ஒரே கொட்டகையில் வரிசையாக வைத்தால் எவருடையது எதுவெனத் தெரியாது. ஆகவே விளிம்பின்கீழ் எவரோ சிற்றுளியால் புள்ளி புள்ளியாய்ப் பாட்டியின் பெயரை வெட்டியிருந்தார். எழுத்து சற்றுக் கோணல். பெயருக்குப் பின்னே, கேளாமலே, ஒரு பூவும் இருந்தது.