தப்பு சிலிண்டர் மேல இல்ல

ஒரு பரிசோதனை செய்யறீங்க, எதிர்பார்த்த முடிவு வரல. முதல்ல எது மேல பழி போடுவீங்க? பெரும்பாலும் கருவி மேலதான். இன்னைக்குக் கதையும் அப்படித்தான் ஆரம்பிக்குது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரம், 1911-ஐ ஒட்டிய காலம். அங்கே பேராசிரியர் லூட்விக் பிராண்டில். அவருடைய ஆராய்ச்சி மாணவர் கார்ல் ஹீமென்ஸ். ஓடும் நீரில் ஒரு சிலிண்டரை நிறுத்தி, அதன் மேற்பரப்பில் எங்கெங்கே எவ்வளவு அழுத்தம் என்று அளப்பதுதான் அவர் வேலை. கேட்க சுலபமா இருக்குல்ல? ஆனா தண்ணி நிலையா ஓடவே மாட்டேங்குது. இப்படியும் அப்படியும் ஆடிக்கிட்டே இருக்கு.

சிலிண்டர் சரியான வட்டமாக இல்லை என்றார் பிராண்டில். ஹீமென்ஸ் அதைக் கவனமாகக் கடைந்து சரிசெய்தார். ஆட்டம் நிக்கல. அடுத்த சந்தேகம், நீர் ஓடும் கால்வாய் மேல. அதையும் திருத்தினார். ம்ஹூம்.

அங்கே வேலை பார்த்த இன்னொருவர் தியோடர் வான் கார்மன், ஹங்கேரிக்காரர். இது அவர் வேலையே இல்ல. ஆனா தினமும் காலையில, ஓட்டம் இன்னைக்காவது நிலைக்கு வந்துச்சான்னு ஹீமென்ஸிடம் கேட்பாராம். எப்பவும் ஆடுது என்று சோகமாகப் பதில் வருமாம். பின்னாளில் கார்மனே எழுதியிருக்கார்.

இவ்வளவு திருத்தியும் ஆடுதுன்னா, ஆடுறதுதான் அதோட இயல்போ? ஒரு வாரக் கடைசியில் கார்மன் கணக்குப் போட்டார். சிலிண்டருக்குப் பின்னால் சுழல்கள் எதிரெதிரே ஜோடியாக நின்றால் வரிசை நிலைக்காது. இடம், வலம் என்று மாறி மாறி, ஒரு குறிப்பிட்ட இடைவெளி விகிதத்தில் நின்றால்தான் நிலைக்கும். ஒவ்வொரு சுழல் கழலும்போதும் மேற்பரப்பின் அழுத்தம் மாறுது. சிலிண்டர் பக்கவாட்டில் மாறி மாறி இழுபடுது. ஹீமென்ஸை அலைக்கழிச்சது இதுதான்.

காற்றிலும் இதேதான். சுழல்கள் கழலும் தாளமும் உயரமான புகைபோக்கியின் சொந்த அதிர்வும் ஒத்துப்போனா, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுற மாதிரி ஆட்டம் ஏறும். சில புகைபோக்கிகளின் உச்சியில் திருகு மாதிரி தகடு சுற்றியிருக்கும், பார்த்திருப்பீங்க. சுழல்கள் ஒரே தாளத்தில் சேராமல் கலைப்பதுதான் அதன் வேலை.

இந்தச் சுழல் வரிசைக்கு இன்று கார்மன் தெரு என்று பெயர். அவருக்கு முன்பே பிரான்சில் ஆன்ரி பெனார் இச்சுழல்களை ஆராய்ந்திருந்தார்; உரிமையும் கோரினார். அப்படின்னா பாரிஸில் மட்டும் பெனார் சாலைன்னு வெச்சுக்கலாம் என்று கார்மன் சிரித்துச் சமாதானம் சொன்னாராம்.

ஹீமென்ஸுக்கு அதில் தெரு இல்ல, சந்துகூட இல்ல. ஆனா பேராசிரியர் சொன்னதுக்காக, ஆடுறதை ஆடலன்னு அவர் ஒரு நாளும் எழுதிவைக்கல. தெரு தொடங்கினது அங்கதான்னு எனக்குத் தோணுது.