வந்தாறுமூலையிலிருந்து ஒரு கூத்தர்

செங்கலடிக்கு அண்மையிலுள்ள வந்தாறுமூலையில் மத்திய மகாவித்தியாலயம் ஒன்று இயங்கிவந்தது. அதன் வளாகத்திலேதான் 1981ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அப்பள்ளியிற் பயின்ற மாணவர் ஒருவர் பின்னாளில் அங்கேயே நுண்கலைப் பேராசிரியராய் அமர்ந்தார். அவரே சி. மௌனகுரு.

1943இல் அமிர்தகழியிற் பிறந்தவர். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை நகர மேடைக்குக் கொணர முனைந்தபோது, அம்முயற்சிக்கு வாய்த்த ஆட்டக்காரர் இவர். 1962இல் 'கர்ணன் போர்', அதன் பின்னர் 'இராவணேசன்'. பின்னதன் எழுத்தும் இவருடையது. இராவணனாக ஆடியவரும் இவரே.

கூத்தோ வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்படுவது. சூழ்ந்திருப்போர் எல்லாரும் ஆட்டக்காரர்க்கு அண்மையர். அண்ணாவியாரின் மத்தள ஒலி அவர்தம் நெஞ்சிலும் அதிரும். அதனை ஒருபுறம் மட்டுமே திறந்த மேடையில், சிறு பொழுதுக்குள் அடக்கினால் எஞ்சுவது கூத்தா, கூத்தின் நிழலா? எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று இது. மௌனகுருவும் ஒதுக்கினாரல்லர். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே, 1969இல், 'சங்காரம்' என்னும் நாடகத்தில் வடமோடி ஆட்டத்தைச் சமூக ஏற்றத்தாழ்வைப் பேசுதற்குப் பயன்படுத்தியிருந்தார். அரசர்க்குரிய ஆட்டம் உழைப்பாளர்க்கும் பொருந்திற்று!

பல ஆண்டுகள் கழித்து 'இராவணேசன்' மீண்டும் மேடையேறியது. இம்முறை சலங்கை கட்டியோர் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர். ஆட்டம் பழக்கியவர் பழைய இராவணன்.